404: அப்படி ஒரு விண்ணப்பம் இல்லை

எங்கள் ஆபீஸில் மொத்தம் நாலு பேர். அதில் மூன்று பேருக்கு ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்தநாள். ஒரே கேக், ஒரே கத்தி, அதை மூன்று பேரும் சேர்ந்து பிடித்துக்கொள்வோம். நாலாவது ஆள் எங்கள் முதலாளி. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்து, பிறந்த நிமிஷம் வரைக்கும் அட்டையில் எழுதி வாங்கியவர். என்னைவிடச் சின்னவர், அதனால் என்னை அக்கா என்பார். முதல் வருஷம் எங்கள் கேக்கைப் பார்த்து அசந்துபோனார்.

"இன்னாக்கா இது? மூணு பேருக்கும் ஒரே நாளா? எப்படி அமைஞ்சுது இது?"

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அமையவெல்லாம் இல்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், தலைமை ஆசிரியர் பிறந்த தேதி கேட்பார். அப்பா தலையைச் சொறிவார். மாட்டுக்குக் கன்று விழுந்த வாரம் என்பார், இல்லை தேர்த் திருவிழா முடிந்து பத்து நாள் என்பார். ஆசிரியர் எத்தனை நேரம்தான் பொறுப்பார்? பள்ளிக்கூடம் திறப்பது ஜூன் மாதம், பிள்ளைக்கு ஐந்து முடிந்திருக்க வேண்டும். அதற்குத் தோதாக ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார். அன்றைக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் ஒரே நாளில் பிறந்தவர்களாகிவிடுவார்கள். நான் ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அப்படிப் பிறந்தவள்.

இதை நான் வேடிக்கையாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், போன வருஷம் விடுதி வேலை வரும் வரைக்கும்.

ஆபீஸ் என்றால் கண்ணாடிக் கட்டடம் இல்லை. கள்ளக்குறிச்சியில் துருகம் ரோட்டில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை. பள்ளிக்கூடம், விடுதி, அரிசி ஆலை என்று கேட்பவர்களுக்கு ஆப் செய்து கொடுப்போம். நான் அதற்கு முன்னால் ஒரு தனியார் பள்ளியில் எட்டு வருஷம் கணக்கு டீச்சர். நேர்காணலில் முதலாளி, "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாது. ஆனா தப்பைக் கண்டுபிடிக்கத் தெரியும்" என்றேன். எட்டு வருஷம் விடைத்தாள் திருத்தியவள் வேறென்ன சொல்வாள்? அந்தப் பதிலுக்காகவே சேர்த்துக்கொண்டார் என்று பிற்பாடு சொன்னார்.

என் வேலை சர்வர் சொல்லும் பதில் சரியா என்று பார்ப்பது. உங்கள் போனில் இருக்கும் ஆப், நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தியதும் எங்கோ இருக்கிற ஒரு கணினியிடம் போய் ஏதோ கேட்கிறது. அந்தக் கணினிதான் சர்வர். அது என்ன பதில் கொடுத்தாலும், முதலில் ஒரு மூன்று இலக்க எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லும். காரியம் ஆனதா, ஆகவில்லையா, ஆகவில்லை என்றால் யாரால் என்பது அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும்.

முதல் வாரம் எனக்கு இது பிடிபடவில்லை. ஒரு நாள் அம்மாவுக்குப் போன் போட்டபோது, அவர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று ஒரு குரல் சொல்லியது. சட்டென்று விளங்கிவிட்டது. அணைத்து வைக்கப்பட்டுள்ளது, வேறொரு அழைப்பில் உள்ளார், இந்த எண் உபயோகத்தில் இல்லை. எல்லாமே எடுக்கவில்லை என்பதுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாம் செய்வது வேறு. ஒன்றுக்குக் காத்திருப்போம், ஒன்றுக்குத் திரும்பப் போடுவோம், ஒன்றுக்கு எண்ணையே அழித்துவிடுவோம். இத்தனை வருஷமாக இந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குப் புதிதாகப் படிக்க என்ன இருக்கிறது என்று தைரியம் வந்துவிட்டது.

ஒரு கோடு போட்ட நோட்டில் எனக்குப் புரிகிற மாதிரி எழுதிக்கொண்டேன். 200, ஆச்சு. 201, புதுசாப் பதிஞ்சாச்சு. 202, வாங்கி வச்சிருக்கோம், அப்புறம் பார்க்கிறோம். (தாலுகா ஆபீஸுக்குப் போன எவருக்கும் இதை விளக்க வேண்டாம் என்று பக்கத்தில் குறித்திருக்கிறேன்.) 301, வீடு மாறிட்டாங்க, இந்த விலாசத்துக்குப் போங்க. 304, நேத்து சொன்னதேதான் இன்னிக்கும். 401, நீங்க யாரு? 403, யாருன்னு தெரியும், ஆனா உள்ள விட மாட்டோம். 404, அப்படி ஒண்ணு இங்க இல்ல. 410, இருந்துச்சு, இப்ப இல்ல, இனிமே தேடாதீங்க. 500, எங்க தப்பு, மன்னிக்கணும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த 500தான். தப்பு என்னுடையது என்று கேட்ட நிமிஷத்திலேயே ஒத்துக்கொள்கிற ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

முதலாளிக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. "அக்கா, நாலுல ஆரம்பிச்சா கேட்டவங்க தப்பு. அஞ்சுல ஆரம்பிச்சா நம்ம தப்பு. நம்ம தப்பை மட்டும் எங்கிட்ட சொல்லுங்க" என்பார். அவர் சொன்னது தப்பில்லை, விதியே அதுதான். ஆனாலும் அந்த நாலில் ஆரம்பிப்பவை என்னை இழுத்துக்கொண்டே இருந்தன. கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளை ஏன் அப்படிப் போட்டது என்று யோசித்தே பழகியவள் நான்.

விடுதி வேலைக்கு வருகிறேன். கல்வராயன் மலைக் கிராமங்களில் பத்தாவது முடித்த பெண்பிள்ளைகள் கள்ளக்குறிச்சியில் தங்கி மேலே படிக்க ஒரு அறக்கட்டளை விடுதி நடத்துகிறது. இடம் கொஞ்சம், கேட்பவர்கள் நிறைய. விண்ணப்பத்தை அந்தந்தப் பள்ளி ஆசிரியரே ஆப்பில் பூர்த்தி செய்து அனுப்புவார், பெற்றோர் கையில் ஒரு எண் கிடைக்கும். முடிவு வந்ததும் பெற்றோர் ஆப்பில் அந்த எண்ணையும் பிள்ளையின் பிறந்த தேதியையும் போட்டுப் பார்க்க வேண்டும். இடம் கிடைத்திருந்தால் அங்கேயே 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அழுத்தாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

இதில் என் கை வேலை ஒன்று உண்டு. எண் சரியாக இருந்து பிறந்த தேதி மட்டும் தப்பாக இருந்தால் சர்வர் என்ன பதில் சொல்லலாம் என்று ஒரு கேள்வி வந்தது. முதலாளி 403 என்றார். நான்தான் வாதாடினேன். பெண்பிள்ளைகள் விடுதி, யாரோ ஒரு தடியன் எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, இந்த எண்ணில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கூடாது. இருக்கிறது என்பதையே காட்டிக்கொள்ளாமல் 404 சொல்லிவிட வேண்டும். இப்படிச் செய்கிற வழக்கம் இந்தத் தொழிலில் ஏற்கெனவே இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். முதலாளி கை தட்டாத குறை. எண் தப்பென்றாலும் தேதி தப்பென்றாலும் ஒரே பதில், திரையில் 'அப்படி ஒரு விண்ணப்பம் இல்லை'. அந்த வாக்கியத்தையும் நானே எழுதினேன்.

முடிவு வெளியான பிறகு, கடைசி வாரத்தின் செவ்வாய்க்கிழமை, சர்வர் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். யார் என்ன கேட்டார்கள், என்ன பதில் போனது என்று வரிவரியாக இருக்கும். ஐந்தில் ஆரம்பிப்பது ஒன்றுகூட இல்லை. முதலாளியிடம் சொல்ல எதுவும் இல்லை. பொழுது போகாமல் 404களைப் பார்த்தேன். பெரும்பாலும் குப்பை, எங்கிருந்தோ எந்திரங்கள் வந்து இல்லாத கதவையெல்லாம் தட்டிவிட்டுப் போகும். நடுவில் ஒரு எண் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. 2713.

காலை ஆறு ஐம்பத்திரண்டு, 404. ஆறு ஐம்பத்து மூன்று, 404. ஐம்பத்து நாலு, 404. அவ்வளவுதான், பிறகு நாள் முழுக்கச் சத்தமில்லை. முந்தைய நாளைப் பார்த்தேன். அதே நேரம், அதே மூன்று தடவை. அதற்கு முந்தைய நாள் ஞாயிறு, ஒன்றுமில்லை. சனிக்கிழமை மறுபடியும். இரண்டு வாரமாக ஒருவர் தினமும் விடிந்ததும் வந்து அதே கேள்வியைக் கேட்கிறார், நாங்களும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கேட்ட வரியிலேயே பிறந்த தேதியும் பதிவாகியிருந்தது. அப்படிப் பதிவாகக் கூடாது, இப்போது மாற்றிவிட்டோம். தேதி ஆகஸ்ட் நாலு. எல்லாத் தடவையும் ஆகஸ்ட் நாலு. 2713 என்று ஒரு விண்ணப்பம் உண்மையிலேயே இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூர். முடிவு என்ற இடத்தில் 'இடம் ஒதுக்கப்பட்டது'. சம்மதம் என்ற இடம் காலி. பிறந்த தேதி, ஜூன் ஒன்று.

கேக் வெட்டி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 2713 என்று நோட்டில் குறித்துக்கொண்டு எழுந்தேன்.

முதலாளியிடம் போனேன். கேட்டுவிட்டு, "பாவம்தான்கா. ஆனா வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் சர்வர்ல ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது. ஏதாவது உடைஞ்சா எல்லாப் புள்ளைங்களுக்கும் போச்சு. போன் நம்பர் இருக்கும்ல, கூப்பிட்டுச் சொல்லிடுங்க" என்றார். நியாயமான பேச்சு. கூப்பிட்டேன். நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை. மலையில் எந்தக் கம்பெனி டவர் எடுக்கிறதோ அதற்கு ஏற்ப ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சிம்மை மாற்றிவிடுவார்கள். எனக்கே ஒரு 404. விண்ணப்பம் அனுப்பிய ஆசிரியரைக் கூப்பிட்டால், தொடர்பு எல்லைக்கு அப்பால்.

விடுதிக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மா தன்மையாகத்தான் பேசினார். "நாங்களா சம்மதம் போட முடியாதுங்க. அவங்க அழுத்தலன்னா வேணாம்னுதானே அர்த்தம்? பொண்ண அனுப்ப மனசில்லாம எத்தினியோ பேரு வுட்டுடறாங்க." அந்த ஆள் தினமும் மூன்று தடவை அழுத்துகிறார் என்று நான் எப்படி விளக்குவது?

ஆறு ஐம்பத்திரண்டு என்ற நேரம் மட்டும்தான் கையில் இருந்தது. ஞாயிறு மட்டும் வராதவர் என்றால், தினமும் கீழே வேலைக்கு பஸ்ஸில் இறங்குகிறவராக இருக்க வேண்டும் என்று பட்டது. புதன்கிழமை சாயங்காலம் பஸ் நிலையத்துக்குப் போய், வெள்ளிமலைப் பேருந்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த கண்டக்டரிடம் கேட்டேன்.

"அண்ணா, காலைல ஏழு மணிக்கு முன்ன மலை வண்டி எங்க வந்துக்கினு இருக்கும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாத்துக்கும்மா?"

"ஒருத்தரத் தேடறேன். தினம் அந்த நேரத்துக்குதான் அவரு போன் பேசுது."

"அப்ப என் வண்டிதான். கீழ எறங்கிக்கினே வர்றப்ப ஒரு வளைவு, கோமுகி டேமு தெரியும். அங்கதான் முத முத டவர் புடிக்கும். வண்டியில இருக்கற அத்தினி போனும் ஒண்ணா கத்தும் பாருங்க, எனக்கே தூக்கம் தெளிஞ்சிடும். ஒரு நாலு நிமிஷம். அப்புறம் மரம் மறச்சிடும்."

நாலு நிமிஷம். மூன்று தடவை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது என்று சொன்னால் நீங்கள் சிரிக்கலாம். கணினித் திரையில் வெறும் எண்ணாக இருந்தது, ஒரு வளைவில் திரும்புகிற பேருந்தாக மாறிவிட்டது.

வியாழக்கிழமை விடியற்காலை முதல் பஸ் பிடித்துக் கச்சிராயபாளையம் போனேன். மலை இறங்குகிற வண்டி அங்கே நின்றுதான் கள்ளக்குறிச்சிக்கு வரும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஆபீஸ் லேப்டாப்பை மடியில் வைத்துப் பதிவுகளைத் திறந்துகொண்டேன். கடைக்காரர் நான் ஏதோ கணக்கெடுப்புக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து, தன் ரேஷன் கார்டு பிரச்சினையைச் சொல்லத் தொடங்கினார். ஆறு ஐம்பத்திரண்டு ஆனது. ஐம்பத்தைந்து ஆனது. ஏழு ஆனது. 2713 வரவே இல்லை.

வண்டி வந்ததும் ஏறிப் பார்த்தேன். பாதி காலி. "நேத்து ராத்திரி மேல சரியான மழங்க. அந்தப் பக்கத்து ஆளுங்க யாரும் எறங்கல" என்றார் கண்டக்டர். ஞாயிறு தவிரப் பதிமூன்று நாள் விடாமல் வந்தவர் நான் போன அன்றைக்குத்தானா வராமல் போக வேண்டும்? மழையை மட்டும்தான் காரணமாக நினைக்கப் பார்த்தேன். ஆனால், போதும் என்று விட்டுவிட்டாரோ என்ற நினைப்புதான் நாள் பூராவும் வந்துகொண்டிருந்தது. பெண்ணுக்கு இடம் இல்லை என்று அவரை நம்பவைத்தது நான் எழுதிய வாக்கியம். அதற்கு முன்னால் போட்டிருந்த நம்பர், தப்பு அவருடையது என்று வேறு சொல்கிறது.

வெள்ளிக்கிழமை. அதே பெஞ்ச், அதே கடைக்காரர், இரண்டாவது டீ. ஆறு ஐம்பது. ஐம்பத்தொன்று. நான் திரையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு ஐம்பத்து மூன்று. 2713. ஆகஸ்ட் நாலு. 404.

ஒரு 404ஐப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் இந்தத் தொழிலில் வேறு யாராவது இருப்பார்களா தெரியாது. டீ கிளாஸைத் தட்டிவிட்டேன்.

வண்டி வந்தது. நிற்க இடமில்லாத கூட்டம். ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் கத்துகிற குரலில் கேட்டேன். "விடுதி விண்ணப்பம், நம்பர் இருபத்தேழு பதிமூணு யாருது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மறுபடியும் கேட்டேன். பின் பக்கத்தில், சாந்துச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் மெதுவாகக் கையைத் தூக்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டைக் கையில் காய்ந்த சிமெண்ட்.

"எம் பொண்ணுதுதான். இன்னாம்மா ஆச்சு?"

பக்கத்தில் இருந்தவர் எழுந்து எனக்கு இடம் விட்டார். நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னேன். பெண்ணுக்கு இடம் கிடைத்திருக்கிறது என்றதும் அவர் என் முகத்தையே பார்த்தார். நம்பவில்லை.

"இல்லன்னு வருதேம்மா. இதோ இப்பகூட இல்லன்னுச்சு."

"ஏன்ணா, காலைல மட்டும் பாக்கறீங்க? கீழ வந்தா நாள் பூரா டவர் இருக்கே?"

"காலைல ஒரு தபா இல்லன்னு கேட்டா போதும்மா. அப்புறம் வேல ஓடணும்ல." கொஞ்சம் நிறுத்தி, "வுடுதிக்கும் போனன். ஆப்புல பாருங்கன்னுட்டாங்க. ஆப்பு இல்லங்குது" என்றார்.

தேதிதான் காரணம் என்று விளக்கினேன். பள்ளிச் சான்றிதழில் ஜூன் ஒன்று என்று இருக்கிறது, அதைத்தான் போட வேண்டும் என்றேன். அவர் முகம் மாறியது.

"அவ ஜூன்ல பொறக்கலம்மா. ஆடிப்பெருக்குக்கு மறுநாளு. மேல மழ ஊத்துது, வண்டி வராது. அவ அம்மாவ டோலி கட்டி நாலு பேரு தூக்கிக்கினு கீழ வந்தோம். ஆஸ்பத்திரியில சேத்த கொஞ்ச நேரத்துல பொறந்தா. ஆகஸ்டு நாலுன்னு அங்க சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. அந்தச் சீட்டு மழையில போச்சு. பள்ளிக்கூடத்துல நான் சொன்னன், சார்தான் ஜூனு போட்டுக்கினாரு. தோள்ல சொமந்தவன் நானு, எனுக்குத் தெரியாதா?"

இரண்டு வாரமும் வேறு தேதி எதையாவது போட்டுப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லையா என்று நான் யோசித்திருந்தேன். அப்போதுதான் புரிந்தது. அவர் போட்டது ஒரு கடவுச்சொல் இல்லை.

"நீங்க சொல்றது நெசம்தாண்ணா. தப்பு உங்களுது இல்ல" என்றேன். "அங்க பதிஞ்சிருக்கறது வேற. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அதப் போட்டாத்தான் தெறக்கும்."

போனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றது. பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"நீயே போட்டுடும்மா. என் கையால அது வராது."

நான் போட்டேன். ஒன்று, ஆறு, பிறகு வருஷம். பேருந்து ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. திரையில் 'இடம் ஒதுக்கப்பட்டது' என்று வந்தது. அவர் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். கீழே இருந்த சம்மதம் பொத்தானை நான் தொடவில்லை, போனை அவரிடம் கொடுத்தேன். வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு அவரே அழுத்தினார். 200.

அவர் அழவில்லை, எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால் யாரோ, "இடம் கெடச்சிடுச்சாம்யா" என்று சொல்ல, அது வாய்வழியாக முன்பக்கம் கண்டக்டர் வரைக்கும் போனது.

கள்ளக்குறிச்சி நெருங்கும்போது அவர் கேட்டார். "உனுக்கு எப்பம்மா பொறந்த நாளு?"

"ஜூன் ஒண்ணு" என்றேன் பழக்கத்தில்.

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "அத்த வுடு. அது பள்ளிக்கூடத்துது. நீ பொறந்தது எப்ப?"

அதற்குள் வண்டி நின்றுவிட்டது. அவர் இறங்கி, சாந்துச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூட்டத்தில் போய்விட்டார்.

அடுத்த வாரம் முதலாளியோடு உட்கார்ந்து அந்தப் பதிலைத் திருத்தினோம். எண்ணை மாற்றவில்லை, 404தான் இன்னும் சரி. தடியன்கள் ஊரில் குறைந்துவிடவில்லை. வாக்கியத்தை மாற்றினோம். 'எண்ணோ தேதியோ பொருந்தவில்லை. பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியைப் போட்டுப் பாருங்கள்.' எண் தப்பானவர்களுக்கும் இதே வாக்கியம்தான் போகும், அதனால் யாருக்கும் எதையும் காட்டிக்கொடுக்காது. எழுதி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முதலாளி அதைப் படித்துவிட்டு, "இதை நாம முதல்லயே எழுதியிருக்கலாம்லக்கா" என்றார். எழுதியிருக்கலாம். பதிவேட்டில் அது நாலில் ஆரம்பிக்கிற எண்ணாக இருந்தாலும், என் நோட்டில் 2713க்குப் பக்கத்தில் 500 என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். விடுதி ஆப்பில் ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் 'வீட்டில் பிறந்தநாள்' என்று ஒரு கட்டம். கட்டாயமில்லை, விருப்பமிருந்தால் பெற்றோர் நிரப்பலாம். விடுதி அம்மாவுக்கும் அது பிடித்துப்போனது. ஜூன் ஒன்றாம் தேதி அறுபது பிள்ளைகளுக்கு ஒன்றாகச் சாக்லெட் கொடுத்து அலுத்துவிட்டதாம்.

அது வெளியான மறுநாள் காலை பதிவுகளைத் திறந்தேன். ஆறு ஐம்பத்திரண்டு, 2713, வீட்டில் பிறந்தநாள், ஆகஸ்ட் நாலு. 200. ஒரே தடவைதான்.

கட்டத்தை வெளியிடுவதற்கு முன்னால் சோதித்துப் பார்த்தது நான்தான். அதற்கு ஒரு போலி விண்ணப்பம் வேண்டும். எப்போதும் என் பெயரையே போட்டுக்கொள்வேன். பள்ளித் தேதிக்கு ஜூன் ஒன்று என்று போட்டேன். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். "கரும்பு வெட்டு நடந்துக்கினு இருந்துச்சி. செவ்வாயா, புதனா? நீ பொறந்ததும் வெட்டாளுங்களுக்குக் கூழு காச்ச ஆளில்லாம போச்சி, அது ஞாபகம் இருக்கு. இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றார். சும்மாதான் என்றேன்.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அனுப்பினேன். 200 வந்தது.